மறந்த சீட்டு மறுநாள் வரும்

வலியசாலை,
திருவனந்தபுரம்.
9-3-2003

அன்புள்ள லக்ஷ்மிக்கு,

மன்னி சூடாமணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணாவும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கல்லிடைக்குறிச்சியில் உன் மைத்துனர், ஓர்ப்படி, குழந்தைகள் எல்லோரும் சௌக்கியம்தானே?

உன் அண்ணா பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறார், எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் கழக்கூட்டம் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து பெரிய வேலை வந்திருக்கிறது. ஜப்பானிய மொழியில் மூன்றாம் நிலைப் பரீட்சை தேறியவர்கள் ஆறு பேர் வேண்டுமாம். டிசம்பரில் சென்னையில் பரீட்சை. ஆபீஸிலேயே சாயங்காலம் வகுப்பு ஆரம்பித்துவிட்டார்கள். நானும் சேர்ந்திருக்கிறேன். ஒன்பது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். இனியாவது எழுந்திருக்க வேண்டாமா?

பரீட்சை தேறினால் வெளி ஆட்களும் வேலையில் சேரலாம் என்று நோட்டீஸில் ஒரு வரி இருந்தது. அதைப் பேச்சுவாக்கில் உன் அண்ணாவிடம் சொல்லப் போக, "லக்ஷ்மிக்கு எழுது, அவளுக்கு ஒரு தரம் கண்ணில் பட்டால் போதும்" என்று பிடித்துக்கொண்டார். ஒன்று மட்டும் சொல்கிறேன், மிகவும் கஷ்டமான பாஷை. எழுத்தே மூன்று தினுசு. எனக்கென்றால் வாத்தியார் ஒரு சாஃப்ட்வேர் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு வார்த்தையும் ஒரு சீட்டு. எந்தச் சீட்டை எந்த நாள் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். அதற்காகவே மாடி அறையில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்கிறோம். உனக்கு அங்கே அதெல்லாம் ஏது? உன் கணவர் பிச்சுமணி காலமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இந்தச் சமயத்தில் இது உனக்குத் தேவைதானா என்று யோசித்துக்கொள்.

இப்படிக்கு,
சூடாமணி


கல்லிடைக்குறிச்சி
17-3-2003

சௌபாக்கியவதி மன்னிக்கு லக்ஷ்மி நமஸ்காரம் பண்ணி எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம். உங்க இடுப்பு வலி தேவலையா? அண்ணா இன்னும் தலைக்கு எண்ணெய் தேச்சுக்காம ஓடறானா?

மன்னி, உங்க கடுதாசி வந்த அன்னிக்கு நான் சிரிச்சுண்டே மாவு அரைச்சேன். ஓர்ப்படி என்னன்னு கேட்டா. சொல்லலை. ஒன்பது பேருக்கு சமைச்சுப் போட்டுட்டு, ஸ்கூலுக்கு ஓடி யூகேஜிக்கு "அ, ஆ" சொல்லிக் குடுத்துட்டு வரேன். இந்தாத்திலே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாளாச்சுன்னு தெரியுமோ?

திருநெல்வேலியிலே சொல்லி வெச்சு புஸ்தகம் தருவிச்சாச்சு. கஷ்டம்தான். ஆனா நம்மளவா மாதிரியே வினையைக் கடைசியிலே வெச்சுப் பேசறா! "நான் சாதம் சாப்பிட்டேன்" அப்படியே வரிசை மாறாம வரது. கம்ப்யூட்டர் இல்லாட்டா என்ன, பழைய கல்யாணப் பத்திரிகையெல்லாம் வெட்டி நாப்பது சீட்டு பண்ணியிருக்கேன். முன்னாலே ஜப்பான், பின்னாலே தமிழ். எந்தச் சீட்டை எந்த நாள் பாக்கணும்னு உங்க கம்ப்யூட்டர் போடற கணக்கை மட்டும் எழுதி அனுப்புங்கோ. அது மதி, போறும். நான் காலண்டர்லே குறிச்சு வெச்சுப் பாத்துப்பேன்.

வேலை கிடைச்சா வலியசாலைக்கே வந்துடலாம், இல்லையா மன்னி? மாடி ரூம்லே ஜன்னலைத் திறந்தா கோயில் மணி கேக்குமே. நான் படிச்சதெல்லாம் அங்கேதான்.

லக்ஷ்மி


வலியசாலை
20-4-2003

அன்புள்ள லக்ஷ்மிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. விஷு வந்தது, விருந்தாளிகள் வந்தார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா?

உன் கடிதத்தை உன் அண்ணா மூன்று தடவை உரக்க வாசித்தார். வினை கடைசியில் வருகிறது என்று நீ எழுதியிருந்ததை ஆபீஸ் சிநேகிதர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று. "உனக்கு வகுப்பிலே வாத்தியார் சொல்லித்தான் தெரிஞ்சுது, அவ தானே கண்டுபிடிச்சா பார்" என்றார். நான் வைத்த மோர்க்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டேதான் சொன்னார். அதுவும் லக்ஷ்மி வைக்கிற மாதிரி இல்லையாம்.

நீ கேட்ட கணக்கு. புதிதாக எழுதிய சீட்டை உடனே புரட்டக் கூடாது. பத்து நாள் கழித்து ஒரு தடவை. அதன் பிறகு இருபத்தைந்து நாள். அப்புறம் அறுபது நாள். எவ்வளவு தள்ளிப் பார்க்கிறோமோ அவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதுதான் இதன் தத்துவம். எல்லாச் சீட்டுக்கும் இதே கணக்கு. நடுவில் எடுத்துப் பார்த்தால் பலன் போய்விடும்.

மாடி அறையில் இப்போது கம்ப்யூட்டரும் என் புத்தகங்களும் இருக்கின்றன. இடம் போதாது. ஜன்னலும் சாத்தியே இருக்கிறது, தூசி வருகிறது.

இப்படிக்கு,
சூடாமணி


கல்லிடைக்குறிச்சி
19-5-2003

மன்னிக்கு நமஸ்காரம். நீங்களும் அண்ணாவும் க்ஷேமமா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கறேன். எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை.

மன்னி, அண்ணாகிட்டே சொல்லாதேங்கோ. நீங்க எழுதினபடியே பத்து நாள் தொடாம வெச்சிருந்தேன். எடுத்துப் பாத்தா நாப்பதிலே முப்பத்தொண்ணு போயிடுத்து. சரி, முதல் தடவைதானேன்னு மறுபடியும் எழுதினேன். அதுவும் போயிடுத்து. என் கையெழுத்து, ஆனா யாரோ எழுதின மாதிரி இருக்கு. "மறக்கிறது"ங்கறதுக்கு அவா பாஷையிலே 'வஸுரெரு'. அந்தச் சீட்டையே ரெண்டு தரமும் மறந்திருக்கேன், சிரிப்பா இருக்கா?

உங்களுக்குத் தெரியும், ஸ்கூல்லே நான் ஒரு தரம் வாசிச்சா போதும். அவர் போனதுலேர்ந்து மூளை மரத்துப் போச்சோன்னு பயமா இருக்கு. ஆஸ்பத்திரி வராந்தாவிலே பன்னண்டு நாள் தூங்காம உக்காந்திருந்தேனே, அதுலே ஏதாவது தெறிச்சுப் போயிருக்குமோ? கணக்கு சரிதானே மன்னி? நான் ஏதாவது தப்பாப் புரிஞ்சுண்டேனா? ஒரு வரி எழுதுங்கோ.

லக்ஷ்மி


வலியசாலை
29-6-2003

அன்புள்ள லக்ஷ்மிக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே மழை பிடித்துக்கொண்டது, துணி உலரவில்லை.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. நாலைந்து தடவை எழுத உட்கார்ந்தேன். உன் அண்ணாவிடம் காட்டவில்லை, நீ சொன்னபடி.

மனசு நொந்திருக்கும்போது ஞாபகம் தங்காது என்பார்கள். உன்மேல் தப்பில்லை. முடியவில்லை என்றால் விட்டுவிடுவதிலும் அவமானம் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம். வல்லாரையோ பிரம்மி நெய்யோ சாப்பிட்டுப் பார்.

எனக்கு நன்றாகவே போகிறது. கம்ப்யூட்டரில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஞாபகம் இருப்பதாகக் காட்டுகிறது.

இப்படிக்கு,
சூடாமணி


வலியசாலை
4-7-2003

எடீ லக்ஷ்மி,

அண்ணா மஹேஷ் எழுதறேன். சுகம்தானே? ரெண்டு மாசமா உன் கடுதாசியே கண்ணில படலை. மன்னி கிட்டே கேட்டா, "அவளுக்கு வேலை ஜாஸ்தி"ங்கறா. அதான் செக்ரட்டேரியட்லே ஃபைல் நடுவிலே உக்காந்து நானே எழுதறேன்.

படிப்பு எப்படி? இங்கே தினம் காலம்பற ஆறு மணிக்கு மாடியிலே கச்சேரிதான். நான் காப்பியை எடுத்துண்டு போய் அவ பின்னாலே நின்னு வேடிக்கை பாப்பேன். நல்ல சூத்திரம் ஆக்கும் அது. இன்னிக்கு ஒரு புதுச் சீட்டு பாத்தா நாளைக்கே அது திரும்ப வரும். தெரிஞ்சுதுன்னா ஆறு நாள் கழிச்சு. அப்பவும் தெரிஞ்சா பதினஞ்சு நாள், அப்புறம் ஒரு மாசத்துக்கு மேலே, அப்படி விலகி விலகிப் போகும். மறந்துபோச்சோ, முதல்லேர்ந்து ஆரம்பம். மறுநாளே வந்து வாசல்லே நிக்கும். ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனி நாள். நல்லாத் தெரிஞ்சதை நீட்டும், தடுமாறினதைச் சுருக்கும். பதில் பாத்தப்புறம் நாமதான் பூஜ்யத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க் போட்டுக்கணும். உன் மன்னி எப்பவும் அஞ்சுதான்! சில சமயம் வாய் திறக்கவே மாட்டா, ஆனா விரல் அஞ்சுக்குப் போயிடும். "லக்ஷ்மி இந்நேரம் ஐநூறு முடிச்சிருப்பா"ன்னு நான் சும்மா சீண்டுவேன். முறைப்பா.

நீ வருவேன்னு மாடி ரூமுக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கேன். கம்ப்யூட்டரைக் கீழே இறக்கிடலாம்.

அண்ணா


கல்லிடைக்குறிச்சி
21-7-2003

மன்னிக்கு நமஸ்காரம். இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்கணும்.

சீட்டை விடலை. பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பிட்டேன். பிரம்மி நெய் வாங்கலை, தேவைப்படலை.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மன்னி. தெரியாத சீட்டைத் தெரியும்னு சொல்லிட்டா உங்க கம்ப்யூட்டர் என்ன பண்ணும்? அதுக்கு எப்படித் தெரியும்?

லக்ஷ்மி


வலியசாலை
14-9-2003

அன்புள்ள லக்ஷ்மிக்கு,

இரண்டு பேரும் சௌக்கியம். ஓணம் லீவில் எங்கேயும் போகவில்லை.

என் கம்ப்யூட்டரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அதற்கு எது தெரியும், எது தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

உன் அண்ணா மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் இப்போது சமையலறைக்கும் பூஜை அலமாரிக்கும் நடுவில் இருக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருஷம். வந்த புதிதில் என் மலையாளத்தைக் கேட்டு நீயும் உன் அண்ணாவும் சாலைக் கடைத்தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். உனக்கு நினைவிருக்காது. இந்த வீட்டில் ஒரு ஜன்னலுக்கும் எனக்காக யாரும் கொக்கி போட்டதில்லை.

இதை எழுதியிருக்க வேண்டாம்தான். மறுபடி எழுத நேரமில்லை, அப்படியே அனுப்புகிறேன். டிசம்பர் ஐந்தாம் தேதி நான் சென்னைக்குப் போகிறேன். மயிலாப்பூரில் என் சித்தி வீட்டில் தங்குவேன். நீயும் அங்கேயே தங்கலாம் என்று உன் அண்ணா சொல்லச் சொன்னார்.

சூடாமணி


வலியசாலை
22-2-2004

லக்ஷ்மி,

நீ நன்னா இருக்கணும். இன்னிக்கு அண்ணா சொல்லி எழுதலை, நானேதான் எழுதறேன். என் பாஷையிலேயே எழுதிடறேன், புஸ்தகத் தமிழ்லே எழுதினா மறுபடியும் பொய்தான் வரும்.

ரிசல்ட் வந்துடுத்து. உனக்கு நானூறுக்கு முன்னூத்திப் பதினெட்டு. எனக்கு இருநூத்திப் பதினொண்ணு. இருநூத்தி நாப்பது வேணும். ஆபீஸ் லிஸ்ட்லே உன் பேர் முதல்லே இருக்கு. ஏப்ரல்லே சேரணும்னு உனக்குத் தனியாக் கடுதாசி வரும்.

பரீட்சை அன்னிக்குக் காலம்பற, நீ குளிக்கப் போயிருந்தே. நீ சீட்டு வெச்சிருந்த பிஸ்கட் டின் சித்தியாத்துக் கூடத்திலே திறந்து கிடந்தது. பாக்கக் கூடாதுன்னு நினைச்சுண்டே பாத்தேன். ஒவ்வொரு சீட்டு மூலையிலும் பென்சில்லே தேதி. மறுநாள், ஆறாம் நாள், பதினஞ்சாம் நாள். மறந்ததுக்குப் பக்கத்திலே ஒரு சுழி, அப்புறம் மறுபடியும் மறுநாள். ஜூலை எட்டாம் தேதிலேர்ந்து எல்லாமே மாறியிருந்தது. அப்போ உனக்குத் தெரிஞ்சுடுத்துன்னு தெரிஞ்சுண்டேன். நீ தலையைத் துவட்டிண்டு வந்து, "போலாமா மன்னி"ன்னே. பஸ்ஸிலே எனக்கு இடம் பிடிச்சுக் குடுத்தே. திரும்பி வரச்சே ரயில்லே தயிர்சாதம் கொடுத்தே. ஒரு வார்த்தை கேக்கலை.

நான் பத்து நாள்னு எழுதினது தெரிஞ்சே எழுதினதுதான். கணக்குத் தப்பில்லை, மறதியில்லை. உன் கடுதாசியை அவர் மூணாம் தரம் வாசிச்ச அன்னிக்கு ராத்திரிக்குக்கூடக் காத்திருக்கலை, சாப்பிட்ட கை உலர்றதுக்குள்ளே எழுதிட்டேன். அது பாவம்னா, மே மாசம் நீ "மூளை மரத்துப் போச்சோ"ன்னு எழுதினப்போ ஒரு வரி போட்டுச் சரி பண்ணாம இருந்தது அதைவிடப் பெரிசு. நாலு தரம் பேனாவை எடுத்தேன். நாலு தரமும் அந்த மாடி ஜன்னல்தான் கண்ணுக்கு வந்தது.

கம்ப்யூட்டர் கிட்டேயும் அதையேதான் பண்ணினேன். அவர் பின்னாலே காப்பியோட நிப்பார். தெரியலைன்னு ஒத்துக்க வாய் வராது. அஞ்சை அமுக்கிடுவேன். அது பாவம் நம்பிடும். நான் சொன்னதை அப்படியே எடுத்துண்டு, எனக்குத் தெரியவே தெரியாத வார்த்தையையெல்லாம் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் தள்ளி வெச்சுடுத்து. பரீட்சைத் தாள்லே பாதிக்கு மேலே நான் அஞ்சு போட்ட வார்த்தைகள்தான். எங்கேயோ பாத்த முகம் மாதிரி இருந்தது, பேர் ஒண்ணும் வரலை.

உன் அண்ணாகிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டேன். மூணு நாளா என்னோட பேசலை. நாலாம் நாள் வந்து, "நானும் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் பேசிட்டேன் இல்லையா"ன்னு கேட்டார். ஆமான்னேன்.

மாடி ரூம் காலியா இருக்கு. வா. மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு யோக்யதை இல்லை.

சூடாமணி


லேடீஸ் ஹாஸ்டல்,
கழக்கூட்டம்.
18-4-2004

மன்னிக்கு நமஸ்காரம். நீங்களும் அண்ணாவும் சுகமா இருக்கேளா? எனக்கு இங்கே சாப்பாடு ஒத்துக்கறது, தூக்கம்தான் இன்னும் பழகலை.

ஒரே ஊர்லே இருந்துண்டு தபால் போடறேனேன்னு நினைச்சுக்காதேங்கோ. ஆபீஸ்லே தினம் பாக்கறோம், நீங்க தலையைக் குனிஞ்சுண்டு போயிடறேள், எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியலை. வலியசாலைக்கு நான் வராததுக்கு அண்ணா வருத்தப்பட்டான். வரலை மன்னி. கோபத்திலே மட்டும் இல்லை. முப்பது வயசிலே முதல் தரமா எனக்குன்னு ஒரு பூட்டும் சாவியும் இருக்கு.

கோபமும் இருக்கு. அதை மறைக்கலை. உங்களுக்கு எழுதாம விட்ட ஒரு சேதி. மே மாசம் எல்லாம் மறந்து போறதேன்னு அழுதப்போ ஓர்ப்படி பாத்துட்டா. எனக்குப் புத்தி பேதலிச்சுடுத்துன்னு ஸ்கூல்லே போய்ச் சொல்லிட்டா. ஜூன்லே ஸ்கூல்காரா யூகேஜியை என்கிட்டேர்ந்து எடுத்துட்டா. குழந்தைகள் என்னைப் பாத்து ஓடினா. அந்த ரெண்டு மாசத்தை யாராலே திருப்பித் தர முடியும்? எனக்கே என்மேலே நம்பிக்கை போயிருந்தது. அண்ணா கடுதாசி வந்த அன்னிக்குக் கொல்லைப்புறம் போய் உக்காந்து சத்தமா அழுதேன். நீங்க செஞ்சதுக்காக இல்லை. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்சதுக்காக.

ஆனா நீங்க ஒத்துண்டப்புறம் நானும் ஒண்ணை ஒத்துக்கணும். நீங்க எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுக்கறேள்னு அண்ணா எழுதியிருந்தான். அது எங்கே கொண்டு போய் விடும்னு எனக்குப் புரிஞ்சுது. டிசம்பருக்கு அஞ்சு மாசம் இருந்தது. அழுத்திச் சொல்லியிருந்தா நீங்க திருத்திண்டிருப்பேள். நான் சுத்தி வளைச்சு ஒரு கேள்வி கேட்டுட்டு நிறுத்திண்டேன். தோக்கட்டும்னு நினைச்சேன் மன்னி. சண்டை போடக்கூட வேண்டாம், தானே தோக்கட்டும்னு. உங்களுக்கு என்ன பொறாமைன்னு கேக்க எனக்கு வாய் இல்லை. முதல் கடுதாசியிலே "சௌபாக்கியவதி"ன்னு உங்களுக்கு எழுதறச்சே என் கை நின்னு நின்னு போச்சு, அப்புறம் அதை எழுதவே இல்லை. பின்னாலே காப்பியோட ஒருத்தர் நிக்கறார்னு நீங்க அலுத்துக்கறேள். எனக்கு அதைப் படிச்சுட்டு அன்னிக்கு சாதம் இறங்கலை.

சாலைக் கடையிலே உங்க மலையாளத்துக்குச் சிரிச்சது எனக்கு நினைவிருக்கு. அது தப்பு.

இந்த டிசம்பர்லே மறுபடி பரீட்சை எழுதுங்கோ. பழைய சீட்டெல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிங்கோ. ஞாயித்துக்கிழமை நாலு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் இங்கே பாக்க விடுவா. நான் கேள்வி கேக்கறேன். தெரியாட்டா தெரியலைன்னு சொல்லுங்கோ, நான் அண்ணாகிட்டே சொல்ல மாட்டேன். வாசல்லே ரத்னாபாய்னு ஒரு வார்டன் இருக்கா, கொஞ்சம் கெடுபிடி. வரவா பேரை எழுதிக்க ஒரு நோட்டு வெச்சிருக்கா. பேருக்குப் பக்கத்திலே "என்ன உறவு"ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பாட்டா உள்ளே விட மாட்டா. என்ன எழுதறதுன்னு நீங்களே பாத்துக்கோங்கோ.

லக்ஷ்மி